காட்பாடிக்கு மூன்று சீட்டு



கரக்பூரில் முன்பதிவுக் கவுண்டரில் அமர்ந்து சீட்டுக் கொடுப்பது நம் தொழில் என்பதைப் பலரும் அறிவீர்கள். கைபேசியிலேயே சீட்டு எடுத்துக்கொள்ளும் காலம் இது. எனினும் கவுண்டரை நாடி வருகிறவர் வந்துகொண்டுதான் இருக்கின்றனர். அவர்களுள் ஒரு சாராரை நாம் தொலைவிலேயே அடையாளம் கண்டுகொள்வோம். கக்கத்தில் எக்ஸ்ரே படங்கள் அடங்கிய பெரிய உறை இருக்கும். விண்ணப்பத் தாளில் சேருமிடம் காட்பாடி என்று எழுதியிருக்கும். 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து வேலூர் மருத்துவமனைக்குச் செல்லும் வங்காளிகள் அவர்கள்.

சென்ற திங்கள் அவ்வாறு வந்த ஒருவர் மூன்று சீட்டுக் கேட்டார். தமக்கும், தம் மனைவிக்கும், ஒன்பது வயது மகளுக்கும். "திரும்பி வர எந்தத் தேதிக்கு?" என்று வினவினோம். "அதை டாக்டர் சொல்ல வேண்டும், தாதா. போவதற்கு மட்டும் கொடுங்கள்" என்றார். பிறகு நம் பேச்சில் தமிழ் வாடையைக் கண்டுகொண்டு, "வேலூர் உங்கள் ஊர்ப் பக்கந்தானே? அந்த ஆஸ்பத்திரியைக் கட்டியவர் யார்?" என்று கேட்டார். நாமோ திருநெல்வேலிச் சீமைக்காரர். வேலூரில் ஒருநாளும் இறங்கியதில்லை. ஆயினும் வங்காளத்தில் இருக்கும்வரை தமிழ்நாடு முழுவதும் நமக்கு ஒரே ஊர்தான். "ஒரு வெள்ளைக்கார அம்மையார்" என்று சொல்லி, வரிசை நீண்டிருந்தபடியால் அடுத்தவரை அழைத்துவிட்டோம். அந்த விடை நமக்கே போதவில்லை.

நிற்க. அதே வார ஞாயிறன்று சங்கத்தில் தமிழ் வகுப்பு முடிந்தபின், ஓய்வு பெற்ற கார்டு பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்தி வைத்துக்கொண்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசுபவர். நம்மிடம் மிகுந்த அன்புடையவர். "தம்பி, உங்கள் வேதத்தில் சொந்த புத்தியின்மேல் சாயாதே, கடவுளையே நம்பு என்று சொல்லியிருக்கிறதாமே. அப்படியானால் கடவுள் புத்தியைக் கொடுத்தது எதற்கு? சிக்னல் பாராமல் வண்டியை விட்டுவிட்டு, எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்று இருக்கலாமா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் பிடித்த கை அவருடையது. எழுதித் தெரிவிக்கிறோம் என்று தவணை வாங்கிக்கொண்டோம். இரண்டு கேள்விகளுக்கும் விடை ஓரிடத்திலேயே இருக்கிறது என்பது பிறகுதான் புலப்பட்டது.

முதலில் சாலொமோனைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர் சுட்டிய அறிவுரை நீதிமொழிகள் என்னும் ஆகமத்தில் உள்ளது. அந்நூலில் பெரும்பகுதி சாலொமோன் அரசன் பெயரால் வழங்குவது. அவன் பட்டத்துக்கு வந்தபொழுது கிபியோனில் கனவில் கடவுள் தோன்றி, வேண்டுவதைக் கேள் என்றார். நீண்ட ஆயுளையும் செல்வத்தையும் விட்டு, மக்களுக்கு நியாயம் தீர்க்க உணர்வுள்ள இதயத்தை அவன் கேட்டான். அடுத்து வேதம் சொல்வது ஒரு குழந்தைக்காக இரு பெண்கள் வழக்காடிய கதை. அவ்வழக்கை அவன் கண்களை மூடிக்கொண்டு தீர்க்கவில்லை; எந்த வக்கீலும் வியக்கும்படி மூளையைச் செலுத்தியே தீர்த்தான். ஆகவே, கடவுளின் ஞானத்தை நாடுகிறவன் சிந்தியாமல் இருக்க வேண்டும் என்பது நம் வேதத்தின் கருத்தன்று. வள்ளுவர் ஊழ் என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஆள்வினையுடைமை என்று வேறோர் அதிகாரமும் வைத்தார். ஒரே கைதான் இரண்டையும் எழுதிற்று. பெரியவர் குறளில் வல்லவர். இதை நாம் விரிக்க வேண்டுவதில்லை.

இனி வேலூர் அம்மையாரிடம் வருவோம்.

ஐடா ஸ்கட்டர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். பாட்டனார் 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, பின்னர்ச் சென்னைக்கு வந்த மருத்துவ மிஷனெரி. தந்தையாரும் அதே தொழிலர். குழந்தைப் பருவத்தில், 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ணால் கண்டவர் ஐடா. அதனாலேயோ என்னவோ, இந்த நாடும் வேண்டாம், மிஷனெரி வாழ்வும் வேண்டாம் என்று அவர் மனத்தை இறுக்கிக்கொண்டார். அமெரிக்காவில் கல்வி, அங்கேயே ஓர் இனிய இல்லறம் என்பதே அவர் போட்ட திட்டம். அதைக் குறை கூற நமக்கு வாயில்லை. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நாமும் இத்தகைய திட்டங்களோடுதானே இரயிலேறினோம்!

1890-இல் தாயார் நோயுற்றிருந்தமையால் ஐடா திண்டிவனத்துக்கு வந்தார். வந்தது துணை செய்யவே, தங்குவதற்கன்று. அங்கே ஓர் இரவு, அவர் தனித்திருந்த வேளையில் பிராமணர் ஒருவர் கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தையார் வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் முகத்தில் தம் மனைவி விழிப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்று கூறி அவர் திரும்பிப் போனார். சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு முஸ்லிம் கணவர் வந்தார். அவரும் அதையே கேட்டு, அதே விடையைப் பெற்று, அவ்வாறே திரும்பினார். மூன்றாவதாக மற்றுமோர் இந்துக் கணவர். அவருக்கும் மருத்துவர் வேண்டாம், பெண்தான் வேண்டும். ஐடா அன்றிரவு உறங்கவில்லை. காலையில் சாப்பறை கேட்டது. ஆளனுப்பி விசாரித்ததில், மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

அறைக்குள் சென்று நெடுநேரம் ஜெபித்து வெளிவந்தவர், தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று இங்கேயே திரும்பப் போவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

இவ்விடத்தில் நாம் சற்றே நிற்க வேண்டும். கிறிஸ்தவ மேடைகளில் இந்நிகழ்ச்சியைச் சொல்பவர் பலர், மூன்று மரணங்களையும் கடவுளே அனுப்பிய தூது என்பதுபோல் பேசி முடித்துவிடுவர். நமக்கு அது உடன்பாடன்று. ஒரு பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப மூன்று பெண்களைச் சாகவிடுகிறவர் நாம் தொழும் தகப்பன் அல்லர். அவர்கள் இறந்தது பெண் மருத்துவர் இல்லாமையாலும் அக்கால வழக்கத்தின் கடுமையாலும். அந்த இரவில் கடவுளுடையது எது என்று கேட்டால், அந்த மரணங்களிலிருந்து ஐடா முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாமற்போனதே என்போம். எனக்குத் தெரியாது என்று அவர் மும்முறை சொன்னது உண்மை. அவ்வுண்மையோடு நின்றுவிட்டால் குற்றம் சொல்வாரும் இல்லை. தம் அறிவுக்கு நேராகத் தோன்றிய வழியை விட்டுக்கொடுத்தார் என்பதுதான் செய்தி.

விட்டுக்கொடுத்தவர் அறிவை விட்டுவிடவில்லை. பிலடெல்பியாவில் தொடங்கி, நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்றார். பெண்களுக்கென மருத்துவமனை கட்ட, மனைவியை இழந்த ஒரு செல்வரிடம் 10,000 டாலர் நன்கொடை பெற்று 1900-இல் திரும்பினார். தந்தையாரின் கீழிருந்து சில ஆண்டு தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார்; சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். இரண்டாம் திட்டமும் போயிற்று. ஒரே கட்டிலுடன் தனியாகவே தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1909-இல் செவிலியர் பள்ளி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆறு பேர் விண்ணப்பித்தால் தொடங்கிக்கொள்ளும் என்று சென்னையின் தலைமை மருத்துவ அதிகாரி நம்பிக்கையின்றி அனுமதித்தார் என்பர். வந்த விண்ணப்பங்கள் 151. நம்மைப் போன்ற எழுத்தர்களுக்கு இத்தகைய எண்களைப் பார்த்தால் வாயூறும்.

ஆயினும் நம் மனத்தைத் தொட்டது அவருடைய எழுபதாம் வயதில் நடந்தது. 1930-களின் இறுதியில், மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டத் தரத்தில்தான் இருத்தல் வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. பேராசிரியர்களும் படுக்கைகளும் பெருநிதியும் தேவையாயின. இல்லையேல் பள்ளியை மூட வேண்டும். ஆண்களையும் சேர்த்துப் பொதுக் கல்லூரியாக்கினால் பல சபைகளின் உதவி கிட்டும் என்ற யோசனை வந்தது. அம்மையார் வாழ்நாள் முழுதும் உழைத்தது பெண்களுக்கென்றே ஒரு கல்லூரிக்காக. திண்டிவனத்து இரவே அதற்கு ஆதாரம். கடவுள் தந்த தரிசனம் இது, இதில் ஆண்களுக்கு இடமேது என்று அவர் வாதாடியிருந்தால் மறுப்பது அரிது. நெடுநாள் துணைநின்ற அமெரிக்கப் பெண்மணிகள் சிலர் அவ்வாறே வாதாடினர். மனம் கசந்து விலகியவரும் உண்டு. அம்மையாரும் தயங்கினார், பிறகு இசைந்தார். 1941-இல் முதிய வயதில் நிதி திரட்டக் கப்பலேறினார். 1942-இல் பட்டப் படிப்புத் தொடங்கிற்று. 1947-இல் ஆண் மாணவரும் சேர்ந்தனர். அவர் 1960-இல் கோடைக்கானலில் மறைந்தார்.

இளமையில் தம் ஆசையை விடுவது ஒன்று. கடவுள் பெயரால் தாமே கட்டியதன் அமைப்பை முதுமையில் மாற்ற இசைவது மற்றொன்று. கடவுள் நேற்றுச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இன்று அவர் சொல்வதைக் கேளாதிருப்பதும் சொந்த புத்தியின்மேல் சாய்வதுதான். கார்டு பெரியவருக்கு நம் விடை இது. சிக்னலைப் பாராமல் வண்டியை விடச் சொல்லவில்லை, ஐயா; சிக்னல் மாறியிருக்கும்போது பழைய சிக்னலையே நினைத்துக்கொண்டு விடாதே என்பதுதான்.

பிறருக்கு இவ்வளவும் எழுதியபின் நம் வீட்டுக் கதையை மறைப்பது முறையன்று.

தென்னக இரயில்வேக்குச் சொந்த விருப்ப மாற்றம் கேட்டு நாம் விண்ணப்பித்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. அவ்வாறு போனால் பணிமூப்பை இழந்து கடைசி ஆளாகச் சேர வேண்டும். அதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, இழக்கும் பதவி உயர்வு ஒரு பக்கமும், மிஞ்சும் பயணச் செலவு, பிள்ளைகளின் தமிழ்க் கல்வி முதலியன மறுபக்கமுமாக எழுதி வந்தோம். நாள்தோறும் இரவு, உமது சித்தம் ஆகட்டும் என்று ஜெபித்தும் வந்தோம். இம்மாதத் தொடக்கத்தில் கடிதம் வந்துவிட்டது; பதினைந்து நாளில் இசைவு தெரிவிக்க வேண்டும். கர்த்தர் வழி திறந்தார் என்று மகிழ்ந்து அன்னையாரிடம் படித்துக் காட்டினோம். விண்ணப்பத்தில் நாம் எழுதியிருந்த காரணமும் அக்கடிதத்தில் இருந்தது: வயது முதிர்ந்த தாயார் சொந்த ஊரில் வாழ விரும்புவது.

அன்னையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்கள். "நான் எப்பம்ல அப்படிச் சொன்னேன்? இங்க சர்ச்சு இருக்கு, பேரப்பிள்ளைய இருக்கு. ஊர்ல எனக்கு ஆரு இருக்கா? உனக்கு ஆசைன்னா உன் பேரப் போட்டு எழுது" என்றார்கள். சற்றுப் பொறுத்து, "ஒண்ணு கேக்கேன். நீ ஜெவம் பண்ணிட்டுக் கணக்குப் போடுதியா, கணக்குப் போட்டுட்டு ஜெவம் பண்ணுதியா?" என்றார்கள்.

நமக்கு விடை வரவில்லை. ஐந்தாண்டாக நாம் கேட்டது வழியன்று, கையெழுத்து. மாற்றம் தவறு என்று இதனால் ஆகிவிடாது. போவதே நல்லதாகவும் இருக்கலாம். ஞாயிறு வகுப்பில் பதினொரு குழந்தைகள் இருக்கின்றனர்; அவர்களுக்கு எழுத்துக் கற்பிக்க இன்னொருவர் கிடைக்காமலும் போகமாட்டார். ஆனால் தாயின் ஆசை என்றும் தேவ சித்தம் என்றும் நாம் பெயர் எழுதி வைத்திருந்த இரண்டு உறைகளிலும் உள்ளே இருந்தது நம் ஆசை ஒன்றே. அதை அதன் சொந்தப் பெயரால் அழைத்துக் கடவுள்முன் வைத்தது கடந்த சில நாட்களாகத்தான்.

இதை எழுதும் இன்று எட்டாம் நாள். கடிதம் மேசைமேல் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தை அன்னையார் எடுத்து எங்கோ வைத்துவிட்டார்கள் போலும், நாம் கேட்கவில்லை.