மலைத்தோட்டத்து வலியும் அபினி மருந்தும்

மலேசிய மலைநாட்டின் கம்போங் ராஜாவைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளில், கையால் கொழுந்து கிள்ளிய காலத்தில் கூடையையும், கத்தரியும் இயந்திரமும் வந்த பின்னர் மூட்டையையும் சுமந்து ஏறி இறங்கிய தொழிலாளருக்கு, ஓய்வு பெறும் பருவத்தில் இடுப்புவலியும் முழங்கால்வலியும் வந்து சேர்வது அதிசயமன்று. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் கொடுத்த மாத்திரையும் தைலமும் பலிக்காதபோது அவர்கள் ஊசியை நாடுகிறார்கள். சாதாரண வலிமாத்திரைகளை வருஷக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடுமே என்றஞ்சும் வைத்தியரோ டிரமடால் போன்ற அபினி இனத்து மருந்தை எழுதித் தருகிறார். இருவர் மீதும் குற்றமில்லை. ஆபத்து மட்டும் இருக்கிறது.

மலேசிய சுகாதார அமைச்சு 2008-இல், நாடி, சுவாசம், உஷ்ணம், இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகக் கணிக்கும் முறையைத் தன் மருத்துவமனைகளில் புகுத்தியது. நோயாளியின் வேதனையை விசாரியாமலே கடந்துபோகும் பழைய வழக்கத்துக்கு அது தக்க பரிகாரம். ஆனால் இதே வாசகத்தை முன்னரே முழங்கிய அமெரிக்காவின் அனுபவம் வேறு. மருத்துவமனையில் தங்கி அபினி மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வருக்கே புதிதாக அடிமைத்தனம் கண்டதாக 1980-இல் பாஸ்டன் நகரத்து இருவர் ஒரு மருத்துவ சஞ்சிகைக்கு எழுதிய ஐந்து வாக்கியக் கடிதம், வீட்டிலிருந்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோருக்கும் பிரமாணமாகக் காட்டப்பட்டது! 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற அபினி இனத்து மாத்திரை சந்தைக்கு வந்த பின் நேர்ந்த மரணங்களை உலகம் அறியும். இத்தனைக்கும் பிரயோஜனமாவது உண்டா என்றால், முதுகு, இடுப்பு, முழங்கால் வலியுள்ள 240 பேரை ஓராண்டு கவனித்து 2018-இல் அங்கே வெளியான ஆய்வு, அவர்களது நடமாட்டத்தில் இம்மருந்து மற்ற மருந்துகளைவிட எவ்வித மேன்மையும் காட்டவில்லை என்று கண்டது. நம் தொழிலாளியின் வலியும் அதே ஜாதிதான்.

ஆனால் இம்மருந்தின் மீது அச்சம் மிகுந்தாலும் அநீதியே விளையும். அபினி தரும் கசகசா பயிராகும் இந்தியாவிலேயே, 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிகள் மார்ஃபின் இன்றித் துடித்தார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலிநிவாரண இயக்கத்தைப் போன்ற முயற்சிகள் வாதாடி வந்ததன் பயனாக, 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. புற்றுநோய் வலிக்கு மருந்தை மறுப்பவர் ஜாக்கிரதையானவர் என்ற பெயருக்கு உரியவரல்லர்.

நாட்பட்ட மூட்டுவலிக்கு அபினி மருந்தை எழுத நேரும்போது, முதற்சீட்டிலேயே மறுபரிசீலனைக்குரிய நாளையும், பலனில்லையேல் நிறுத்தும் நாளையும் குறிப்பது அவசியம். வலி எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், கோயில் படியேற முடிகிறதா, இரவில் தூக்கம் வருகிறதா என்றும் கேட்க வேண்டும். சாராயமும் தூக்கமாத்திரையும் இம்மருந்தோடு சேர்ந்தால் சுவாசமே அடங்கிவிடக்கூடும் என்பதை, தோட்டக் குடும்பங்களில் மதுவின் சரித்திரத்தை அறிந்தவர்கள், கூச்சமின்றி விசாரித்துச் சொல்ல வேண்டும். நெடுநாள் உட்கொண்டவருக்குத் திடீரென நிறுத்துவதும் கொடுமையே. அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைச் சாக்கிட்டு அவ்வாறு மருந்து நிறுத்தப்பட்டவர்கள் பட்ட பாட்டைக் கண்டு, அந்நிலையமே 2022-இல் புதிய வழிகாட்டுதல் எழுத நேர்ந்தது.

கம்போங் ராஜாக்காரருக்கு மருத்துவமனையோ பிரிஞ்சாங்கைத் தாண்டித் தானா ராத்தாவில் இருக்கிறது. ஒரு நாள் கூலியையும் வண்டிச் சத்தத்தையும் இழந்து பரிசீலனைக்கென்றே ஒரு கிழவி அங்கே போவாள் என்று எதிர்பார்ப்பது வீண். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க அவள் உள்ளூர் கிளினிக்குக்கு வரும் நாளையே இம்மறுபரிசீலனைக்கும் குறித்துவிடலாமே. அதற்குத் தனியான செலவும் இல்லை, சட்டமும் தேவையில்லை.