கூலி என்னும் சொல்

சொற்களுக்கும் மனிதர்களைப் போலவே வாழ்வும் தாழ்வும் உண்டு. நல்ல வீட்டில் பிறந்து, கடல் கடந்து அலைந்து, அந்நியர் வாயில் இழிவுபட்டு, இறுதியில் பிறந்த வீட்டாரே சொல்லக் கூசும் நிலைக்கு வந்த சொல் ஒன்று நம்மிடம் உண்டு. ‘கூலி’ என்பதே அச்சொல்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. இவ்வாண்டின் தொடக்கத்தில் மாணவர்களின் குடும்ப விவரப் படிவங்களைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தோம். ஒரு படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. மாணவனை அழைத்து வினவினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார் ஐயா. எழுதினால் கூலிக்காரன் மகன் என்று சிரிப்பார்கள்” என்றான். எம் தாயாரும் விடியுமுன் பெரட்டில் நின்று, பால்மரம் வெட்டி எம்மைப் படிக்க வைத்தவரே. ஆதலால் அவன் சொல் எம்மைச் சுட்டது.

தமிழில் கூலி என்பது முதலில் ஆளைக் குறித்த சொல் அன்று. உழைப்புக்கு ஈடாகக் கிடைக்கும் ஊதியத்தையே அது குறித்தது. வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், மெய் வருந்த முயன்றவனுக்குப் பயன் உறுதி என்று கூறுமிடத்தில் இச்சொல்லையே எடுத்தாண்டார். இன்றும் நகைக்கடையில் செய்கூலி கேட்கிறோம். அரைவை ஆலையில் அரைவைக் கூலி கொடுக்கிறோம். அங்கெல்லாம் எவரும் வெட்கப்படுவதில்லை.

பின் எங்கே இச்சொல் கறைபட்டது? இந்தியக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியரும் ஆங்கிலேயரும் இதனைத் தம் மொழிகளில் சேர்த்துக்கொண்டனர். இதன் மூலம் குசராத்துப் பகுதியின் ‘கோலி’ என்னும் சமூகப் பெயரே என்பாரும் உளர். தமிழ்ச் சொல்லே என்பாரும் உளர். 1886இல் வெளிவந்த ‘ஆப்சன் சாப்சன்’ என்னும் ஆங்கில–இந்தியச் சொல்லகராதி இரண்டையும் ஆராய்கிறது. மூலம் எதுவாயினும், ஆங்கிலத்தில் நிகழ்ந்த மாற்றம் ஐயத்திற்கு இடமற்றது. ஊதியத்தின் பெயர் அதனைப் பெறும் ஆளின் பெயராயிற்று. பிறகு ஓர் இனத்தின் பெயராகவே ஆயிற்று.

அதற்குக் காந்தியடிகளின் வாழ்க்கையே சான்று. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற அவரை அங்குள்ள வெள்ளையர் ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர். இந்திய வணிகரும் ‘கூலி வணிகர்’ எனப்பட்டனர். வழக்கறிஞரும், பிறருக்குக் கூலி கொடுக்கும் முதலாளியும் கூலி எனப்பட்டார்கள் என்றால், அச்சொல்லில் தொழிலும் இல்லை, ஊதியமும் இல்லை. இகழ்ச்சி ஒன்றே எஞ்சி நின்றது என்பது தெளிவு.

நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கி, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல், இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் நடப்பட்டது. நட்டவர் ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் கொன்கூர் பரிசும் கிடைத்தது. தோட்டத்தின் பெயரிலே நம் தென்னைமரம் நிற்கிறது. வரலாற்று நூல்களில் துரையின் பெயர் நிற்கிறது. குழி தோண்டிக் கன்று நட்ட கைகளுக்கு உரியவர்களோ ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போயினர்.

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. ஆயினும் முறைகள் ஒழிந்தவுடன் இகழ்ச்சி ஒழியவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்ட அவர்கள், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ‘தொழிலாளர்’ என்ற பெயர் நமக்கு எவரும் இனாமாகக் கொடுத்ததன்று. கூலியையும் மானத்தையும் ஒருசேரக் கேட்டுப் பெற்ற பெயர் அது.

இனிச் சொல்லப் போவது நமக்கே கசப்பானது. இன்று தோட்ட வேலைகளில் பெரும்பகுதியைச் செய்வோர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். சில மாதங்களுக்கு முன் பள்ளி வேலியோரம் ஒருவர் கால்வாயைத் துப்புரவு செய்து கொண்டிருந்தார். நம் மாணவர்கள் சிலர் வேலிக்கு இப்பால் நின்று, “ஏய், பங்ளா!” என்று கூவிச் சிரித்தனர். அவர்களிடையே, படிவத்தில் தந்தையின் தொழிலை எழுதக் கூசிய அம்மாணவனும் நின்றான்.

அவர்களை நாம் அடிக்கவில்லை. வேலியருகே அழைத்துச் சென்று, அம்மனிதரின் பெயரைக் கேட்டு வரச் சொன்னோம். கேட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். ஊரில் தமக்கு இவர்கள் வயதில் ஒரு மகன் உண்டு என்றும் கூறினார். மாணவர்கள் மௌனமாகத் திரும்பினார்கள்.

பிறந்த நாட்டின் பெயரைச் சுருக்கி வசைச் சொல்லாக்குவதும், உழைப்பின் ஊதியத்தை வசைச் சொல்லாக்கியதும் ஒரே பாவத்தின் இரு கிளைகள். அன்று துரைமார் நம் பாட்டனாருக்குச் செய்ததை, இன்று அவருடைய பேரப்பிள்ளைகள் பிறருக்குச் செய்யலாமா?

‘கூலி’ என்ற சொல்லை அகராதியிலிருந்து நீக்கிவிடலாம் என்று சிலர் கூறக்கூடும். அதனை நாம் ஏற்கமாட்டோம். இந்தியாவில் ரயில் நிலையச் சுமை தூக்குவோரை இனிக் கூலி என்னாது ‘சகாயக்’ என்றழைக்க வேண்டும் என 2016இல் அறிவித்தார்கள். நல்ல நோக்கமே, ஆனால் பெயர் மாறியதால் பெட்டியின் கனம் குறைந்துவிடாது. சொல்லைக் கழுவுவதைவிட, சொல்பவரின் உள்ளத்தைக் கழுவுவதே முதற்பணி.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் தொழில் எதுவாயினும் அதனைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். எத்தனை குலை வெட்டினால் எவ்வளவு கூலி, அதில் எவ்வளவு புத்தகத்துக்கு என்று அவர்களுக்குக் கணக்குச் சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே, கூலி என்பது கைக்கு வர வேண்டிய பொருள். ஆளை அழைக்கும் பெயரன்று. எவரையும் அவர் பெயர் கேட்டு அழையுங்கள். வயதில் மூத்தவராயின் அண்ணன் என்றோ மாமா என்றோ சேர்த்து அழையுங்கள்.

அந்தப் படிவம் மறுவாரம் நம் மேசைக்குத் திரும்பி வந்தது. வெறுமையாக இருந்த இடத்தில், கொட்டை எழுத்துகளில், ‘செம்பனைத் தோட்டத் தொழிலாளி’ என்று எழுதப்பட்டிருந்தது. நாம் கையொப்பமிட்டோம்.