ஹெம்ப் சாகுபடி: விதைக்கும் முன் விதி வேண்டும்

உங்கள் செல்போனுக்கும் அந்த வீடியோ வந்திருக்கலாம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பச்சைச் செடிகள், தண்டிலிருந்து உரித்த நார், அந்த நாரில் தைத்த சட்டை. 'பருத்தியைவிடத் தண்ணீர் குறைவு, மருந்துச் செலவு இல்லை, நான்கு மாதத்தில் அறுவடை, திருப்பூர் கம்பெனிகளே வாங்கிக்கொள்ளும்' என்று பின்னணியில் ஒரு குரல். செடியின் பெயர் ஹெம்ப்.

மக்காச்சோளத்தில் படைப்புழு, தென்னையில் வெள்ளை ஈ, பருத்தி எடுக்க ஆள் இல்லை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பல்லடம், உடுமலை, தாராபுரம் விவசாயிகளுக்கு இது ஆசை காட்டும் பேச்சுதான். ஆனால், ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். அதைச் சட்டப்படி வளர்க்க அனுமதிக்கலாமா, எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற விவாதம் உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இந்தக் கேள்வியை வாக்குச்சீட்டிலேயே அச்சடித்து மக்களிடம் நேரடியாகக் கேட்கிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு வாக்குச்சீட்டு கிடையாது. அரசாணை ஒன்று வரும், அவ்வளவுதான். அதனால்தான் ஆணை வருவதற்கு முன்பே விவசாயிகள் இதைப் பேசியாக வேண்டும்.

ஒரே செடி, இரண்டு பயன்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பசுந்தாள் உரத்துக்காக நாம் விதைக்கும் சணப்பை வேறு. சாக்குப் பைக்கான சணல் வேறு. புளிச்சை நார் வேறு. இவற்றைப் பயிரிட எந்தத் தடையும் இல்லை. ஹெம்ப் என்பது 'கன்னாபிஸ் சட்டைவா' என்ற செடி. போதை தரும் கஞ்சாவும் அதே இனம்தான். போதைக்குக் காரணமான பொருள் டி.எச்.சி. உலர்ந்த செடியின் எடையில் இது 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத ரகங்களைத்தான் அமெரிக்கா 'ஹெம்ப்' என்று சட்டத்தில் பிரித்து வைத்திருக்கிறது. உத்தராகண்டும் அதே அளவைத்தான் எடுத்துக்கொண்டது.

இந்த 0.3 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இலை, பூ, வாசம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். இந்தப் பயிரின் சிக்கல் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, எந்தக் கஞ்சாச் செடியையும் பயிரிடக் கூடாது என்கிறது. மீறினால் 20ஆவது பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே சட்டத்தின் 10ஆவது பிரிவு, கஞ்சாச் செடி சாகுபடியை அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. நார், விதை, தோட்டக்கலைத் தேவைகளுக்காக மட்டும் நிபந்தனைகளோடு அனுமதிக்க 14ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. அதாவது கதவு பூட்டியிருக்கிறது. சாவி அரசிடம் இருக்கிறது. தமிழகத்தில் அந்தக் கதவு இன்னும் திறக்கப்படவில்லை.

இன்னொரு பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் நிலத்தில் யாராவது கஞ்சாச் செடி வளர்ப்பது தெரிந்தும் தகவல் சொல்லாவிட்டால், 46ஆவது பிரிவின்படி நில உரிமையாளரும் தண்டனைக்கு உள்ளாவார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனில் இருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அரசு அலுவலர்களுக்கும் ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இதே கடமையை 47ஆவது பிரிவு விதிக்கிறது.

'கடையில் ஹெம்ப் விதை விற்கிறார்களே' என்று கேட்கலாம். ஹெம்ப் விதை, அதன் எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக விற்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் வரையறை வெளியிட்டது உண்மை. அது சாப்பிடுவதற்கான அனுமதி, விதைப்பதற்கானது அல்ல.

வடக்கே நடப்பது

நாட்டில் முதலில் கதவைத் திறந்த மாநிலம் உத்தராகண்ட். 2018இல் ஹெம்ப் சாகுபடிக்கு உரிமம் கொடுத்தது. அங்கே மலைக்கிராமங்களில் இந்தச் செடி தானாகவே வளரும். விதையைச் சட்னி அரைப்பதும், தண்டு நாரில் கயிறும் துணியும் செய்வதும் அவர்களுக்குப் பழைய பழக்கம். அப்படிப்பட்ட ஊரிலேயே 0.3 சதவீதத்துக்குள் நிற்கும் விதை கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. மலையில் தானாக முளைக்கும் செடிகளில் டி.எச்.சி. அதிகம்.

ஹிமாசலப் பிரதேசம் கொஞ்சம் நிதானமாகப் போகிறது. வருவாய்த் துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையிலான குழுவின் அறிக்கையை அந்த மாநிலச் சட்டமன்றம் 2024 செப்டம்பரில் ஏற்றது. 2025 ஜனவரியில் அமைச்சரவை ஒரு முன்னோட்ட ஆய்வுக்கு ஒப்புதல் தந்தது. அதைச் செய்யும் பொறுப்பு பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்துக்கும் தரப்பட்டது. முதலில் பல்கலைக்கழக நிலம், பிறகுதான் விவசாயி நிலம் என்ற இந்த வரிசை சரியானது.

வாக்குப்பெட்டிக்குப் பிறகு

மக்களே வாக்களித்து முடிவெடுத்த இடத்தில் விவசாயி பிழைத்தாரா? கலிபோர்னியாவைப் பாருங்கள். 2016 நவம்பரில் 'முன்மொழிவு 64' வெற்றி பெற்றுக் கஞ்சா சட்டப்பூர்வமானது. சிறு விவசாயிகளைக் காக்க, முதல் 5 ஆண்டுகளுக்குப் பெரிய பண்ணைகளுக்கு உரிமம் இல்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். ஆனால், 2017இல் வந்த அரசு விதிகள், ஒரே நிறுவனம் எத்தனை சிறு உரிமங்களை வேண்டுமானாலும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டன. பெரிய பண்ணை பின்வாசல் வழியாக வந்துவிட்டது. சாகுபடி வரியையும் விலைக்கு ஏற்ப இல்லாமல் எடைக்கு இவ்வளவு என்று போட்டார்கள். மொத்த விலை சரிந்தபோது வரி குறையவில்லை. அந்த வரியை 2022 ஜூலையில்தான் நீக்கினார்கள். அதற்குள் பல சிறு விவசாயிகள் தொழிலை விட்டே போயிருந்தார்கள்.

அது போதைக் கஞ்சா. நாருக்கும் மருந்துக்குமான ஹெம்ப் கதை என்ன? அமெரிக்கா 2018இல் அதை நாடு முழுக்க அனுமதித்தது. ஆளாளுக்கு விதைத்தார்கள். வாங்க ஆளில்லை. அமெரிக்க வேளாண் துறையின் கணக்கில், 2021இல் திறந்தவெளியில் சுமார் 54 ஆயிரம் ஏக்கரில் விதைத்த ஹெம்ப், 2022இல் சுமார் 28 ஆயிரம் ஏக்கராகச் சுருங்கியது. மொத்த விளைச்சல் மதிப்பு 82.4 கோடி டாலரிலிருந்து 23.8 கோடி டாலராக விழுந்தது. தாய்லாந்தோ 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பவும் இறுக்கியது. இடையில் முதலீடு போட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

இதில் எதுவும் 'அனுமதிக்கவே கூடாது' என்பதற்கான சான்று அல்ல. அனுமதி கிடைத்துவிட்டால் வருமானம் தானாக வந்துவிடாது என்பதற்குச் சான்று.

நம் மண்ணில் இரண்டு சிக்கல்

முதலாவது, பகல் நேரம். ஹெம்ப் குறும்பகல் பயிர். பகல் நீளமாக இருக்கும்வரை தண்டு வளரும். பகல் குறைந்தால் பூத்துவிடும். ஐரோப்பா, கனடாவின் நார் ரகங்கள் கோடையில் 15, 16 மணி நேரப் பகலுக்குப் பழகியவை. திருப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. அந்த விதையை இங்கே கொண்டுவந்து போட்டால், இடுப்பளவு வளரும் முன்பே பூத்து நின்றுவிடும். பட்டம் தப்பி நட்ட பழைய சம்பா ரகங்கள் வளர்த்தி இல்லாமலே கதிர் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தண்டு இல்லாவிட்டால் நார் இல்லை. நம் பகல் நேரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ற, டி.எச்.சி. குறைந்த ரகம்தான் தேவை. அப்படி ஒரு விதை உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இன்று இல்லை.

இரண்டாவது, தோட்டத்துக்கும் பனியன் கம்பெனிக்கும் இடையில் உள்ள தூரம். பருத்தியை எடுத்தால் ஜின்னிங், ஸ்பின்னிங், நிட்டிங் என்று வழி தயாராக இருக்கிறது. ஹெம்ப் தண்டை அறுத்து, ஊறவைத்தோ பனியில் கிடத்தியோ நாரைப் பிரிய விட வேண்டும். பிறகு இயந்திரத்தில் அடித்து நாரையும் சக்கையையும் பிரிக்க வேண்டும். நீளமான நாரைப் பருத்தி இழை அளவுக்குக் குறுக்கி மென்மையாக்கினால்தான் நம் ஸ்பின்னிங் மில் இயந்திரத்தில் ஓடும். அப்போதும் விறைப்பு இருக்கும் என்பதால் பனியன் துணிக்குப் பருத்தியோடு கலந்துதான் நூற்க வேண்டும். தேங்காய் மட்டையை வெகுதூரம் வண்டியில் ஏற்றினால் வாடகைக்கே கட்டாது என்பது காங்கயத்துக்காரர்களுக்குத் தெரியும். ஹெம்ப் தண்டும் அப்படித்தான். மட்டை மில் அருகில் இருந்ததால்தான் மட்டைக்கு விலை வந்தது. இங்கே அந்த மில்லே இன்னும் வரவில்லை.

நன்மைகளையும் மறைக்க வேண்டாம். அடர்த்தியாக விதைத்தால் களையை அமுக்கிவிடும். ஆழமாக வேர் விடும். பருத்திக்கு மாற்று நார்களை வெளிநாட்டு பிராண்டுகள் கேட்கின்றன. தமிழக மில்களுக்கான பருத்தியே பெரும்பாலும் வெளிமாநிலங்களிலிருந்துதான் வருகிறது. அதனால் உள்ளூரில் ஒரு நார்ப் பயிர் வேண்டும் என்ற தொழில்துறையின் ஆசையில் நியாயம் உண்டு. ஊருக்குள் ஏற்கனவே கஞ்சா புழங்குகிறது, சாகுபடியும் வந்தால் பிள்ளைகள் என்னாவார்கள் என்ற பெற்றோரின் பயத்திலும் நியாயம் உண்டு. இரண்டுக்கும் பதில் சொல்லக்கூடியது விதிதான்.

நொய்யல் கற்றுக்கொடுத்தது

தொழில் முதலில், விதி பிறகு என்று போனால் என்ன ஆகும் என்பதற்குப் பாடம் படிக்க நாம் கலிபோர்னியா வரை போக வேண்டியதில்லை. பனியன் தொழில் வளர்ந்தது, ஊருக்கு வேலை வந்தது, அந்நியச் செலாவணி வந்தது. சாயத் தண்ணீர் நொய்யலில் போனது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. கிணறுகள் உப்பாயின. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரே வெளியேறாத சுத்திகரிப்பு கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. அதற்குள் இழந்த நிலத்தின் கணக்கை விவசாயிகள்தான் சுமந்தார்கள். தண்டு ஊறவைத்த தண்ணீரும் கழிவுநீர்தான் என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள்.

இன்னொரு பாடம் 2012இல் வெடித்த ஈமு கோழி விவகாரம். 'குஞ்சும் தீவனமும் நாங்கள் தருகிறோம், வளர்த்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்ற வார்த்தையை நம்பிப் பெருந்துறையைச் சுற்றிப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர் என்று கொங்கு மண்டலத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

என்ன கேட்க வேண்டும்?

நாளை தமிழகத்தில் இந்தப் பேச்சு வந்தால், விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கிராம சபையிலும் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். இந்த ஐந்தையும் எழுதிக் கொடுங்கள்.

1. வேளாண் பல்கலைக்கழகம் நம் மாவட்டத்திலேயே சில பருவங்கள் சோதித்து வெளியிட்ட, சான்று பெற்ற விதை தவிர வேறு விதை வரக் கூடாது.

2. நல்ல விதை போட்டு, சொன்னபடி வளர்த்தும் டி.எச்.சி. எல்லையைத் தாண்டினால் பயிரை அழிக்கலாம். ஆனால், விவசாயி மீது வழக்கு கூடாது. அழித்த பயிருக்கு இழப்பீடு வேண்டும். வெயிலும் ரகமும் செய்ததற்கு விவசாயி ஜெயிலுக்குப் போகக் கூடாது. அமெரிக்காவில்கூட, எல்லையைத் தாண்டிய பயிரை அழித்தாலும், அளவு 1 சதவீதத்துக்குள் இருந்து, விவசாயி முறையாக முயன்றிருந்தால் அதை அலட்சியக் குற்றமாக எடுப்பதில்லை.

3. பரிசோதனைக் கூடம் மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும். செலவு விவசாயி தலையில் விழக் கூடாது. அறுவடைக்கு முன் முடிவு கைக்கு வர வேண்டும்.

4. நார் பிரிக்கும் ஆலை ஓடத் தொடங்கிய பிறகே சாகுபடி உரிமம். வாங்குபவர் யார், என்ன விலை, எத்தனை நாளில் பணம் என்பது விதைக்கும் முன் எழுத்தில் இருக்க வேண்டும்.

5. ஒரு நிறுவனம் எத்தனை ஏக்கர் வரை உரிமம் வைக்கலாம் என்ற உச்சவரம்பு சட்டத்திலேயே இருக்க வேண்டும், பிறகு மாற்றக்கூடிய விதியில் அல்ல.

அதுவரை யார் விதை கொடுத்தாலும், எந்தக் கம்பெனி பெயரைச் சொன்னாலும், ஒரு செடிகூட ஊன்றாதீர்கள். 'அரசு அனுமதி வாங்கிவிட்டோம்' என்று சொல்பவரிடம் அரசாணை எண்ணைக் கேளுங்கள். முன்பணம் கேட்டால் கொடுக்காமல், அந்த எண்ணோடு வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். விரிவாக்கப் பணியாளர்களும் கூட்டங்களில் இதைப் பேச வேண்டும். 'ஹெம்ப் வேறு, கஞ்சா வேறு' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். செடி ஒன்றுதான், 0.3 சதவீதம் என்ற கோடுதான் இரண்டையும் பிரிக்கிறது, அந்தக் கோடு தமிழகத்தில் இன்னும் போடப்படவில்லை என்று முழுதாகச் சொல்லுங்கள்.