மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லும் பெரியவர்களுக்கு

"அந்த மாத்திரையைக் குப்பையில் போடும்மா. மனவுறுதி இருந்தால் போதும்!"

அண்மையில் குளுவாங்கில் ஒரு திருமண விருந்தில் இச்சொற்களை மீண்டும் கேட்டேன். சொன்னவர் படித்தவர், நம் சமூகத்தில் நாலு பேர் மதிக்கும் பெரியவர். கேட்டுக்கொண்டிருந்தவர் ஓர் இளம் ஆசிரியை. மனச்சோர்வுக்காக ஓராண்டாக மருந்து உண்பவர். அவர் பதில் பேசாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே மறுத்துப் பேசியிருக்க வேண்டும். நல்ல நாளில் வாக்குவாதம் எதற்கு என்று வாளாவிருந்துவிட்டேன். அது தவறு. ஆகவே, ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்கட்டும் என்று இதனை எழுதுகிறேன்.

இதே அறிவுரையை நானும் ஒருகாலத்தில் நம்பினேன். எஸ்சிடலோபிராம் என்னும் மாத்திரையை ஈராண்டுகள் உண்டேன். உடல் தேறியது, உறக்கம் திரும்பியது, வகுப்பில் மீண்டும் சிரித்தேன். 'இனி எதற்கு இந்தப் பைத்தியக்கார மருந்து?' என்று உறவினர் கேட்டார்கள். ஒரு பள்ளி விடுமுறையின் முதல் நாள், யாரையும் கேளாமல் நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் தலைசுற்றல் தொடங்கியது. பிறகு குமட்டல், வியர்வை, விடிய விடியக் கொடுங்கனவுகள். கண்களைச் சற்று விரைவாகத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போல் ஓர் அதிர்வு. பத்தாம் நாள் பள்ளி திறந்தது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் ணகர னகர வேறுபாட்டை வெண்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். அதே அதிர்வு, மேசையைப் பிடித்துக்கொண்டேன். அந்நேரம் ஒரு மாணவனின் பென்சில் கீழே விழுந்தது. அதற்காக அவனை அழும்வரை கடிந்துகொண்டேன். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

'நோய் திரும்பிவிட்டது' என்றனர் சிலர். 'மருந்துக்கு அடிமையாகிவிட்டாய்' என்றனர் வேறு சிலர். இரண்டுமே பிழை. மருத்துவரிடம் சென்றேன், பழைய அளவிலேயே மாத்திரையை மீண்டும் தொடங்கினார். மூன்றே நாள்களில் எல்லாம் அடங்கின. எனக்கு நேர்ந்தது மருந்து விலகல். மருந்துக்குப் பழகிய உடலிலிருந்து அதனைத் திடீரெனப் பிடுங்கினால் உடல் எழுப்பும் கூக்குரல் அது. மருந்தை எழுதிக் கொடுத்த அன்று, எப்படி உண்பது என்று சொன்னார்கள். எப்படி நிறுத்துவது என்று ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு இன்றும் அந்தக் கோபம் உண்டு.

நம்மூர் இரயில் நிலையக் கோப்பியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அந்தக் கோப்பி இல்லையென்றால் நண்பகலுக்குள் தலை வலிக்கிறது என்று சொல்பவர்கள் எத்தனை பேர்! அவர்களை நாம் மனவுறுதி அற்றவர்கள் என்கிறோமா? காஃபீனுக்குப் பழகிய உடல் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று சிரித்துவிட்டு விடுகிறோம். இரத்த அழுத்த மருந்துகளுள் சிலவற்றையும், ஸ்டீராய்டு மருந்துகளையும் திடீரென நிறுத்தினால் ஆபத்து என்பது நம் வீட்டு முதியவர்களுக்கே தெரியும். அங்கெல்லாம் 'மனவுறுதி' என்று எவரும் வாய்திறப்பதில்லை. மூளை என்று வந்தால் மட்டும் ஏன் இந்த வீரம்? மூளையும் உடலின் உறுப்புத்தானே, ஐயா!

அடிமைத்தனம் என்பது வேறு. போதைப்பொருளுக்கு அடிமையானவர் அதனைத் தேடி அலைவார். அளவைக் கூட்டிக்கொண்டே போவார். மனச்சோர்வு மாத்திரையை அப்படி ஏங்கித் தேடுவோர் யார்? உண்ண மறந்துவிடுகிறோம் என்பதுதானே நம் குறை!

இது புதிய செய்தியும் அன்று. முதல் மனச்சோர்வு மருந்துகளுள் ஒன்றாகிய இமிப்ரமின் 1950-களின் பிற்பகுதியில் வந்தது. அதனை நிறுத்தியோருக்கு ஏற்பட்ட தொல்லைகள் 1959-லேயே மருத்துவ ஏடுகளில் பதிவாயின. பின்னர் வந்த புதிய மருந்துகளுக்கும் இது பொருந்தும் என்று தெரிந்தபோது, 'விலகல்' என்ற சொல் போதைப்பொருளை நினைவூட்டும் என்பதால் 'நிறுத்தல் அறிகுறி' என்று மென்மையாகப் பெயரிட்டார்கள். பெயரை மாற்றினால் தலைசுற்றல் நின்றுவிடுமா? இலேசானது, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானே போய்விடும் என்றே இங்கிலாந்தின் வழிகாட்டிகள் நெடுங்காலம் கூறிவந்தன. சிலருக்கு அது கடுமையாகவும் நீண்டும் இருக்கலாம் என்று அந்நாட்டு மனநல மருத்துவர்களின் அரச கல்லூரி ஒப்புக்கொண்டது 2019-இல்தான். அறுபது ஆண்டுகள்!

இதனைப் படித்து யாரும் அஞ்சவும் வேண்டாம். 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி ஏட்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்தியோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஏதேனும் ஓர் அறிகுறியைச் சொன்னார். ஆனால், வெற்று மாத்திரையை நிறுத்தியோருள்ளும் ஆறில் ஒருவர் அவ்வாறே சொன்னார். கடும் அறிகுறிகள் ஏறத்தாழ 35 பேரில் ஒருவருக்கு. பலருக்குப் பெரிய தொல்லையே வராது. ஆனால் அந்த ஒருவர் நம் பள்ளி ஆசிரியராகவோ, நம் மாணவனின் தாயாகவோ இருந்தால்?

மருந்துக்கு மருந்து வேறுபாடும் உண்டு. ஃபுளுவோக்செட்டின் உடலைவிட்டு நீங்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே தொல்லை குறைவு. பராக்செட்டினும் வென்லாஃபாக்சினும் விரைந்து வெளியேறும், தொல்லை மிகுதி.

இனி நிறுத்தும் முறை. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, தொடக்கப்பள்ளிக் கணக்குத்தான். எஸ்சிடலோபிராமின் மூத்த உறவாகிய சிட்டலோபிராமை எடுத்துக்கொள்வோம். 20 மில்லிகிராம் உண்டால், மூளையில் செரடோனினை மீள உறிஞ்சும் வாயில்களுள் ஏறத்தாழ 80 விழுக்காடு அடைபடும். மருந்தைக் கால்பங்காக, 5 மில்லிகிராமாகக் குறைத்தாலும் 60 விழுக்காட்டளவு அடைபட்டே இருக்கும். அப்படியானால் 20-இலிருந்து 5-க்கு இறங்குவது சிறிய படி. 5-இலிருந்து சுழியத்திற்குத் தாவுவதுதான் பெரும்பள்ளம்! 'பாதியாக்கு, கால் ஆக்கு, பிறகு விட்டுவிடு' என்னும் வழக்கத்தில் பலர் விழுவது அந்தக் கடைசிப் படியில்தான். இதனை 2019-இல் விளக்கி எழுதியவர்கள் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் ஆகிய இருவர். ஹோரோவிட்ஸ் தாமே இம்மருந்தைப் பல்லாண்டு உண்டு, நிறுத்த முயன்று துன்புற்ற மருத்துவர். பட்டவர் சொல் என்பதால் நான் கூடுதலாகச் செவிசாய்த்தேன்.

நான் இரண்டாம் முறை மருத்துவரின் மேற்பார்வையில் எட்டு மாதங்களில் இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் சில வாரங்கள் நின்றேன். இறுதியில் படிகள் மிகச் சிறியவையாயின. தேர்வுக் காலத்திலும் பள்ளித் தொடக்க வாரங்களிலும் அளவைத் தொடவேயில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணலாமா என்று கேட்டேன். விரைந்து வெளியேறும் மருந்துக்கு அது ஊஞ்சலாடுவது போன்றது, வேண்டாம் என்றார் மருத்துவர். அன்றாடம் தலைசுற்றல், உறக்கம், சினம் ஆகியவற்றை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் குறித்து வந்தேன். தலைசுற்றிய நாளில் வாகனம் ஓட்டவில்லை. ஒருமுறை தொல்லை மிகுந்தபோது முந்திய அளவுக்கே திரும்பினோம். அதனை நான் தோல்வியாகக் கருதவில்லை. வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், எரிந்து விழுந்த நாள்களில் அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

எல்லாரும் நிறுத்தியே தீரவேண்டும் என்பதும் என் கட்சியன்று. இங்கிலாந்தில் நீண்டநாள் மருந்துண்டு நலமாக இருந்தவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. மருந்தைத் தொடர்ந்தோருள் 39 விழுக்காட்டினருக்கும், படிப்படியாக நிறுத்தியோருள் 56 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் நோய் மீண்டது. ஆகவே இது விருந்துப் பந்தியில் முடிவு செய்யும் செய்தியா? விலகல் தொல்லை பெரும்பாலும் நிறுத்திய சில நாள்களில் வரும். மின்னதிர்வும் தலைசுற்றலும் அதன் அடையாளங்கள். நோய் மீள்வது பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல வரும். இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவர் வேண்டும். மாமாவும் சித்தப்பாவும் போதாது.

பெற்றோருக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில் 13 முதல் 17 வயது மாணவர்களுள் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. அவர்களுள் சிலர் மருந்து உண்கிறார்கள். 'எஸ்.பி.எம். வருகிறது, மாத்திரை தூங்கவைக்கிறது, நிறுத்து' என்று தாய்தந்தையர் தாமே முடிவெடுப்பதை நான் அறிவேன். இளையோருக்கு இம்மருந்தைத் தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடும், கூர்ந்து கவனியுங்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004-இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. அளவைக் குறைப்பதும் மாற்றம்தான். அத்தகைய பேச்சு பிள்ளையின் வாயில் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணையும் அழைக்கலாம். காவல்துறை வழக்கு வருமோ என்று மறைக்கவும் தேவையில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

மறைப்பதற்கு மூலகாரணம் நம் வாய்தான். ஜொகூரில் வளர்ந்தவர்களுக்குத் 'தம்போய்' என்றால் ஊர்ப்பெயரா, வசைச்சொல்லா? அங்கே பெர்மாய் மருத்துவமனை இருப்பதால், 'உன்னைத் தம்போய்க்கு அனுப்ப வேண்டும்' என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசுகிறார்கள். எங்கிருந்து கற்றார்கள்? ஆசிரியர் அறையிலும் இதே சொல் சிரிப்போடு வலம்வருகிறது. அருகில் அமர்ந்து சிரிப்பவர்களுள் ஒருவரின் கைப்பையில் மாத்திரை அட்டை இருக்கும். 2023-இல் நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டோருள் 4.6 விழுக்காட்டினர், ஏறத்தாழ பத்து இலட்சம் பேர், மனச்சோர்வுடையோர் என்று கணக்கிட்டார்கள். 2019-இல் அது 2.3 விழுக்காடு. ஐம்பது ஆசிரியர் உள்ள பள்ளியில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

திருமணத்திற்கு மறுநாள் அந்த ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்தேன். இரவு மாத்திரையை உண்ணவில்லை என்றார். என் பென்சில் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அடுத்த மாதம் 'அப்பாயின்மென்ட்' இருக்கிறது, அதுவரை விடாமல் உண்கிறேன் அக்கா என்றார். அன்று நானும் உடன் செல்கிறேன். நிறுத்துவதா வேண்டாமா, நிறுத்தினால் எத்தனை மாதங்களில் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.