துக்க வீட்டில் திருநாள்

பண்டிகை என்றாலே மகிழ்ச்சி என்று எண்ணுகிறோம். டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டைத் தெருக்களில் நட்சத்திர விளக்குகள் தொங்கும். கீத பவனியின் மேளம் நள்ளிரவிலும் கேட்கும். அச்சுமுறுக்கு வேகும் மணம் வீதியெல்லாம் வீசும். அதே வீதியில் விளக்கில்லாத வீடு ஒன்றும் இருக்கும். அவ்வாண்டில் ஒருவரை இழந்த வீடு அது. அவ்வீட்டாருக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதே என் கேள்வி.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை. தீபாவளியானாலும் பொங்கலானாலும் கிறிஸ்துமஸ் ஆனாலும் பலர் இம்முறையையே கைக்கொள்கின்றனர். இதில் இரக்கம் இருக்கிறது. அழுகிறவர்களைச் சிரிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் குறையும் இருக்கிறது. பண்டிகையோடு மனிதர்களும் அவ்வீட்டை விட்டு விலகிவிடுகிறார்கள்.

கிறிஸ்தவர்களில் சிலர் இதற்கு நேர்மாறாகப் பேசுவர். "உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களுக்கு அழுகை எதற்கு?" என்பர். என் தந்தையார் மறைந்த ஆண்டில் இப்படிச் சொன்னவர்கள் பலர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆயினும் அதனால் அம்மாவின் துக்கம் குறையவில்லை. பிறர் முன் அழுவதற்கு அவள் கூச்சப்பட்டாள், அவ்வளவுதான்.

வேதாகமம் அப்படிப் போதிக்கவில்லை. லாசருவை எழுப்பப் போவதை அறிந்திருந்தும், அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார் என்று யோவான் எழுதுகிறார். நம்பிக்கை உள்ளவன் அழக்கூடாது என்றால் அவர் ஏன் அழுதார்? கிறிஸ்துமஸ் வரலாற்றிலேயே, ஏரோதின் வாளுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெத்லகேம் தாய்மாரின் புலம்பல் இருக்கிறது. மத்தேயு அதை மறைக்கவில்லை. திருச்சபையும் டிசம்பர் 28 அன்று, கொண்டாட்டத்தின் நடுவிலேயே, அக்குழந்தைகளை நினைவுகூர்கிறது. ஆகவே, துக்கம் இத்திருநாளுக்கு அந்நியமன்று.

நம் தென்பாண்டி நாடும் இதை அறியும். 2004 டிசம்பர் 26-இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆழிப்பேரலை வந்தது. குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் அன்று முதல் திருநாளும் நினைவு நாளும் அடுத்தடுத்தே வருகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டது. திருவைகுண்டத்தில் ரயில் ஒன்று பயணிகளோடு நின்றுவிட்டது. திருநாளுக்கு அப்போது ஒரு வாரமே இருந்தது. துக்கம் ஆறட்டும் என்று எந்தத் திருநாளும் காத்திருப்பதில்லை.

அப்படியானால் ஆறுதல் சொல்வது எப்படி? நம் மாவட்டத்து டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் இதற்கு விடை கிடைக்கிறது. 1931-இல் கீழே விழுந்து காயமுற்ற அவர், 1951-இல் மறையும் வரை பெரும்பாலும் தம் அறையிலேயே முடங்கிக் கிடந்தார். உடல் நலமுள்ளோர் எழுதிய ஆறுதல் நூல்கள் நோயாளியாகிய தம் மனத்தைத் தொடவில்லை என்று கண்டார். எனவே, நோயுற்றவர் நோயுற்றோருக்கு எழுதும் கடிதங்களாக 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்னும் நூலை 1933-இல் வெளியிட்டார். உயரத்தில் நின்று சொல்லும் ஆறுதல் எட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதே எட்டும். வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பதும் ஆறுதலே.

தந்தையார் இல்லாத அந்த முதல் கிறிஸ்துமஸில் கீத பவனிக் குழுவினர் எங்கள் வீட்டை விட்டுவிட்டுப் போகவில்லை. முதல் நாளே ஒருவர் வந்து, "வரலாமா அக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார். மறுநாள் இரவு மேளத்தைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்தார்கள். தணிந்த குரலில் ஒரே ஒரு பாட்டுப் பாடினார்கள், சுருக்கமாக ஜெபித்தார்கள், போய்விட்டார்கள். அம்மா கூச்சமின்றி அழுதாள். அவர்கள் போன பின் வீட்டில் நிலவிய அமைதி, அதற்கு முந்தைய வாரங்களின் அமைதி போன்றதன்று. அதில் தனிமை இல்லை.

எனவே, துக்க வீட்டில் திருநாளை ரத்துச் செய்யவும் வேண்டாம், திணிக்கவும் வேண்டாம். அமைதியாக அனுசரிக்கலாம். டிசம்பரில் ஒரு மாலை வேளையை, மேளமும் ஒலிபெருக்கியும் இல்லாமல், அவ்வாண்டில் உறவினரை இழந்தோருக்கென்று சபைகள் ஒதுக்கலாம். கல்லூரித் தோழர்களாகிய நாமோ, விடுமுறை முடிந்து திரும்பும் நண்பனிடம் "பண்டிகை எப்படி?" என்று கேட்குமுன், அவன் வீட்டு நிலையை அறிந்துகொள்ளலாம். இதற்கு மத வேறுபாடு ஏதுமில்லை. துக்கத்தில் இருப்பவனுக்குப் பேச மனமில்லாவிட்டால், மரத்தடியில் அவன் பக்கத்தில் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம். அதுவே போதும்.