மெமோவால் பிரசவம் பார்க்க முடியாது

“மேலே ஒரு கண் இருந்தால் கீழே தப்பு நடக்காது.” தாய்சேய் நல ஆய்வுக் கூட்டங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எங்காவது பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோவாள். மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் ‘செவிலியர் பணியிடை நீக்கம்’ என்று நாலு வரி வரும். அடுத்த கூட்டத்தில் ஓர் அதிகாரி மைக்கைப் பிடித்து, மேற்பார்வை தளர்ந்துவிட்டது, இறுக்கினால்தான் உயிர்கள் பிழைக்கும் என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். இறுக்குவது என்றால் இன்னும் இரண்டு பதிவேடு, இன்னும் ஒரு படிவம், சொல்லாமல் வந்து நிற்கும் விசிட், விளக்கம் கேட்டு மெமோ, அதற்கும் மேலே போனால் 17பி ஒழுங்கு நடவடிக்கை.

பகுதி சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். பிரசவம் பார்க்கிறவருக்கு மேற்பார்வை கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் கிடையாது. அதனால்தான் இந்த வாக்கியத்தின் மேல் இவ்வளவு கோபம். மேற்பார்வையின் பேரைச் சொல்லிக்கொண்டே, மேற்பார்வை செய்ய வேண்டிய வேலையை நடக்கவிடாமல் தடுப்பது இதுதான்.

முதல் வாதத்துக்கே வருகிறேன். கண் இருந்தால் தப்பு நடக்காது என்கிறார்கள். அந்தக் கண் எதைப் பார்க்கிறது? தாளைப் பார்க்கிறது.

பிரசவ அறையில் பார்ட்டோகிராஃப் என்று ஒரு தாள் உண்டு. 1972இல், அன்று ரொடீசியா என்று அழைக்கப்பட்ட நாட்டில், ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவர் பக்கத்தில் இல்லாத ஊர்களில் தனியாகப் பிரசவம் பார்க்கும் செவிலியரை மனதில் வைத்துச் செய்தது அது. குறுக்கே மணிக்கணக்கு, நெடுக்கே கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் விரிந்திருக்கிறது என்ற கணக்கு. அரை மணிக்கு ஒரு தரம் குழந்தையின் இதயத் துடிப்பை எழுத வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் உள்பரிசோதனை. பிரசவம் சுணங்கினால் புள்ளிகள் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் நகரும். அதைக் கண்டதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆயத்தமாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்காசியாவில் 35,484 பெண்களை வைத்து நடத்தி, 1994இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தாள் வந்த பிறகு நீடித்த பிரசவம் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாகக் குறைந்தது. அவ்வளவு அருமையான கருவி.

அதை நம் கண்காணிப்பு என்ன செய்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். விசிட் வருகிறவர் கேஸ் ஷீட்டைப் புரட்டுவார். பார்ட்டோகிராஃப் நிரம்பியிருந்தால் டிக். காலியாக இருந்தால் விளக்கம் கேட்பார். அதனால் தாள் எப்போதும் நிரம்பியே இருக்கிறது. குழந்தை பிறந்து, நஞ்சு விழுந்து, தையல் போட்டு, தாயைக் கட்டிலுக்கு மாற்றிய பிறகு, விடியற்காலை நாலரை மணிக்கு மேசையில் உட்கார்ந்து எட்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். துடிப்பு 140, 142, 140, 138, 140. ஒரே பேனா, ஒரே அழுத்தம். புள்ளிகள் எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே அளவுகோல் வைத்தாற்போல ஏறும். அப்படி ஏறும் பிரசவத்தை நான் பார்த்ததில்லை. நிஜமாகவே வலியின்போது எழுதிய தாளில் அடித்தல் திருத்தல் இருக்கும், ஓரம் ஈரத்தில் சுருங்கியிருக்கும், ஒரு பரிசோதனை தவறிப்போய் இடைவெளி விழுந்திருக்கும். அந்தத் தாளுக்குத்தான் நம் ஊரில் மெமோ வருகிறது. அழகான தாளுக்குப் பாராட்டு.

எழுதியவர் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரவு டியூட்டியில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். உள்ளே ஒருத்திக்குத் தலை தெரிகிறது. இன்னொருத்தி பனிக்குடம் உடைந்து வராந்தாவில் நிற்கிறாள். வாசலில் நாய்க்கடிக்கு ஊசி போட ஆள் வந்து கூப்பிடுகிறது. அரை மணிக்கு ஒரு தரம் யார் துடிப்பை எண்ணுவது? மேலேயிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்த வராந்தா தெரியாது. அந்தக் கண் பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் வரும்.

அதே கண் நடு இரவில் அந்த அறையிலேயே நின்றிருந்தால் எத்தனையோ தெரிந்திருக்கும். செவிலியர் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பத்து நிமிடத்தில் எத்தனை வலி என்று பொறுமையாக எண்ணுகிறாரா? குழந்தை வந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்சிடோசின் தொடையில் ஏறிவிட்டதா, அல்லது ஊசி மருந்து ஃப்ரிட்ஜிலிருந்து வரத் தாமதமானதா? நனைந்த துணியைத் தூக்கிப் பார்த்து, போனது எவ்வளவு ரத்தம் என்று மதிப்பிடத் தெரிகிறதா? தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே, பதிவேடு எதுவும் இல்லாமல், பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கலாம். பிரசவம் பார்க்கும் கையைத் திருத்த இன்னொரு கை பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

“ஒருவருக்குத் தண்டனை கொடுத்தால் பத்துப் பேர் ஜாக்கிரதையாக இருப்பார்கள்.” இருக்கிறார்கள், தங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதில். “எதுக்கு வம்பு, மேலே அனுப்பிடு” என்பதுதான் அந்த ஜாக்கிரதை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சுகமாகப் பிரசவிக்க வேண்டியவள் 108 ஆம்புலன்ஸில் ஏறி மருத்துவக் கல்லூரி வாசலில் காத்திருக்கிறாள். அங்கே உண்மையாகவே அவசரமாக வந்தவளுக்குக் கட்டில் கிடைப்பதில்லை.

தண்டனையின் பெரிய சேதம் வேறு. ஓர் இளம் செவிலியர் ஒருமுறை என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். முந்தின வாரம் ஒரு பெண்ணுக்கு உதிரப்போக்கு அதிகமாகி, எப்படியோ சமாளித்திருக்கிறார்கள். தாய் பிழைத்து வீட்டுக்கும் போய்விட்டாள். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. சொல்வதற்கு முன்னால் அவர் கேட்டது இதுதான்: “மேடம், உங்ககிட்ட சொன்னா ரெக்கார்டுல வருமா?” வராது என்று உறுதி கொடுக்கும் அதிகாரம் என் பதவிக்கு இல்லை. விசிட் ரிப்போர்ட் எழுதுவதும் நான்தான், அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதும் நான்தான். அடுத்த தாயைக் காப்பாற்றக்கூடிய பாடம் அந்த நூலிழையில் தப்பிய சம்பவத்தில்தான் இருந்தது. இப்படி வாய்க்குள்ளேயே அமுங்கிப்போன சம்பவங்கள் எத்தனை இருக்கும் என்று எந்த ஆய்வுக் கூட்டமும் கேட்டதில்லை.

அடுத்து, கொஞ்சம் படித்தவர்கள் எடுத்துவிடும் வாதம்: “இங்கிலாந்தில் மருத்துவச்சிகளை மேற்பார்க்கச் சட்டமே இருக்கிறது.” இருந்தது. அதன் கதையை முழுதாகச் சொன்னால் இவர்கள் வாதம் நிற்காது.

1902இல் அங்கே மிட்வைவ்ஸ் சட்டம் வந்தது. பதிவு செய்யாதவர் தொழில் செய்யக்கூடாது என்பதோடு, உள்ளூர் மேற்பார்வை ஆணையங்களையும் அது உண்டாக்கியது. தொடக்கத்தில் வந்தவர்கள் இன்ஸ்பெக்டர்கள். மருத்துவச்சியின் வீட்டையும் பையையும் சோதித்தார்கள். காலப்போக்கில் பெயர் மேற்பார்வையாளர் என்று மாறியது, அனுபவமுள்ள மருத்துவச்சிகளே அந்தப் பொறுப்புக்கு வந்தார்கள். 15 பேருக்கு ஒரு மேற்பார்வையாளர், ஆண்டுக்கு ஒருமுறை நேருக்கு நேர் உட்கார்ந்து பேச்சு, எந்த நேரமும் கூப்பிட்டு ஆலோசனை கேட்கும் வசதி. இவையெல்லாம் நல்லவை, நமக்கும் வேண்டியவை. ஆனால் ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் விசாரணை நடத்துவதும் அதே மேற்பார்வையாளர்தான். ஆதரவு தருகிறவரும் அவரே, விசாரிக்கிறவரும் அவரே. நேற்றுவரை கூட டியூட்டி பார்த்தவரை இன்று குற்றவாளியா என்று தீர்மானிக்க வேண்டும்.

பேரோ நகரத்தின் ஃபர்னஸ் பொது மருத்துவமனையில் அது அம்பலமானது. அங்கே குழந்தைகளை இழந்த குடும்பங்கள் வருடக்கணக்கில் போராடின. 2013 டிசம்பரில் நாடாளுமன்ற, சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மூன்று குடும்பங்களின் புகார்களை ஆராய்ந்து, உள்ளூர் மேற்பார்வை விசாரணைகள் மோசமான பணியைக் கண்டுகொள்ளத் தவறின என்று எழுதினார். மேற்பார்வையையும் ஒழுங்கு நடவடிக்கையையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னார். 2015 மார்ச்சில் பில் கிர்க்அப் தலைமையிலான விசாரணை அறிக்கை வந்தது. வேறு விதமான கவனிப்பு கிடைத்திருந்தால் 11 குழந்தைகளும் ஒரு தாயும் பிழைத்திருக்க வாய்ப்பிருந்தது. நூறு ஆண்டுக்கு மேல் பழுத்த சட்டபூர்வ மேற்பார்வை, அத்தனை கண்களோடும் அந்த வார்டில் இருந்துகொண்டேதான் இருந்தது. 2017 மார்ச் 31ஆம் தேதியோடு அந்தச் சட்ட ஏற்பாட்டை முடித்துவிட்டார்கள். விசாரணை மருத்துவமனைக்கும் செவிலியர், மருத்துவச்சியர் மன்றத்துக்கும் போனது. பக்கத்தில் நின்று தாங்கிப்பிடிக்கும் வேலை மட்டும், தண்டிக்கும் அதிகாரம் இல்லாத வேறொரு பொறுப்பாக இங்கிலாந்தில் தொடர்கிறது.

இதைச் சொன்னதும் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி மருத்துவமனையில் நடந்த குழந்தை மரணங்களைக் காட்டுவார்கள். சட்டத்தை எடுத்ததும் என்ன ஆயிற்று பார்த்தீர்களா என்று. அவற்றை விசாரித்த டோனா ஆக்கென்டனின் இறுதி அறிக்கை 2022 மார்ச்சில் வெளியானது நிஜம். 1,486 குடும்பங்களின் அனுபவத்தை ஆராய்ந்து, நல்ல கவனிப்பு இருந்திருந்தால் 201 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்று சொன்னதும் நிஜம். ஆனால் அந்தச் சம்பவங்கள் பெரும்பாலும் 2000க்கும் 2019க்கும் இடையில் நடந்தவை. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி பழைய சட்டம் அமலில்தான் இருந்தது. அறிக்கை வந்த தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுவது இறந்த குழந்தைகளுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

“இப்போது எல்லாம் கணினியில் ஏறிவிட்டது, அலுவலகத்திலிருந்தே பார்க்கலாம்.” விடியற்காலையில் எழுதிய அதே 140, 142 தான் கணினியிலும் ஏறுகிறது.

“மருத்துவர்தான் இருக்கிறாரே, செவிலியருக்கு எதற்குத் தனியாக இன்னொருவர்?” சிக்கல் வந்தால் மருத்துவர் வருவார், வர வேண்டும். சிக்கல் வராத நூறு பிரசவங்களில் கை எப்படி வேலை செய்கிறது என்பதை அதே வேலையைச் செய்த இன்னொரு செவிலியரே அறிவார்.

கடைசியாக, புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் உத்தரப் பிரதேசத்தை எடுப்பார்கள். அங்கே ஆய்வுக்கு எடுத்த 120 சுகாதார நிலையங்களில் பாதியில், 28 அம்சப் பட்டியலோடு பயிற்சியாளர்கள் பிரசவ அறைக்கே போய் நின்று கற்றுக்கொடுத்தார்கள். 2017 இறுதியில் முடிவு வெளியானது. தாய், சேய் மரணங்களில் வித்தியாசம் இல்லை, ஆகவே உடன்நின்று கற்றுக்கொடுப்பதே வீண் என்பது வாதம். அதே ஆய்வில் இவர்கள் படிக்காமல் விட்ட பகுதி இருக்கிறது. பயிற்சி தொடங்கி இரண்டு மாதத்தில், செய்ய வேண்டிய காரியங்களில் 73 விழுக்காட்டை அந்தச் செவிலியர்கள் செய்தார்கள். பயிற்சி இல்லாத நிலையங்களில் 42. எட்டு மாதத்தில் பயிற்சியாளர்கள் வருவது நின்றது. பன்னிரண்டாம் மாதம் பார்த்தால் 62க்கு இறங்கியிருந்தது. ஆள் பக்கத்தில் நின்றால் பழக்கம் மாறுகிறது, ஆள் போனால் தேய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மரணம் குறைய ரத்தம் வேண்டும், அறுவை அரங்கு வேண்டும், மயக்க மருத்துவர் வேண்டும். அவற்றைப் பயிற்சியாளர் கையில் எடுத்துக்கொண்டு வர முடியாது. மெமோ கொடுத்ததால் 42 எழுபத்து மூன்றானது என்று ஓர் ஆய்வை இதுவரை எவரும் என்னிடம் காட்டியதில்லை.

மரணத்தை ஆராய்வதிலும் வேறு வழி இருக்கிறது. கேரளத்தில் 2004இல் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பும் மாநில அரசும் சேர்ந்து தாய் மரணங்களின் இரகசிய ஆய்வைத் தொடங்கின. பெயர்களை நீக்கிய பிறகே மரண விவரம் ஆய்வுக் குழுவிடம் போகும். யார் செய்தது என்பது அங்கே கேள்வி இல்லை, எங்கே தவறியது என்பதே கேள்வி. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் மரணம் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54. அந்த வித்தியாசத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாடும் தாய் மரணத் தணிக்கையில் நாட்டுக்கு முன்னோடி, அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் நம் தணிக்கைக் கூட்டத்தில் ஆட்சியர் முன்னால் செவிலியர் எழுந்து நிற்கிறார். நிற்கும்போதே, எதைச் சொன்னால் வேலை தப்பும் என்றுதான் மனம் கணக்குப் போடும்.

ஆகவே சுகாதாரத் துறையிடம் என் கோரிக்கை இது. நடந்த தவறை விசாரிப்பவர் வேறு மாவட்டத்திலிருந்து வரட்டும். கூட வேலை செய்து கற்றுக்கொடுப்பவரின் கையில் மெமோ புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். இரவு டியூட்டிக்கு இரண்டாவது செவிலியரைப் போடுங்கள். அதற்கு நிதி வேண்டும், தாமதமாகும் என்பீர்கள். மாதத்தில் ஓர் இரவாவது அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையப் பிரசவ அறையில் இருக்க வேண்டும், அன்று அங்கே பேசியது எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாது என்று பயணத் திட்டத்தில் சேர்ப்பதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், புது நிதியும் வேண்டாம். ஓர் உத்தரவு போதும். அதை இந்த ஆண்டே போடுங்கள்.