பட்டியலில் பெயர் இருக்கிறதா?



பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் சம்பளம் போட்டால், சந்தையில் கறிக்கடை பாய்க்கு அது உடனே தெரிந்துவிடும். தொழிலாளி கையில் விழுந்த காசு மீன்காரம்மாவிடம் போகிறது. அங்கிருந்து மளிகைக் கடைக்கு, பிறகு மூட்டை தூக்குபவருக்கு. 'ஊக்க நிதி' என்று மேதைகள் சொல்வது இவ்வளவுதான். தொழில் படுத்துவிட்ட காலத்தில் அரசாங்கமே காசை இறக்கி இந்த ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறது. எங்கே இறக்குகிறது என்பதுதான் கேள்வி.

2020-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஊரடங்கில் காந்தி மார்க்கெட்டைப் பூட்டி, மொத்தக் காய்கறி வியாபாரத்தை நமது ஜி கார்னர் மைதானத்துக்குக் கொண்டு வந்தார்கள். நவம்பர் கடைசி வரை அங்கேதான் பிழைப்பு. அந்த மே 12-ஆம் தேதி பிரதமர் 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் என்று அறிவித்தார். பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி வங்கிக் கடன், கடனுக்கு உத்தரவாதம், ரிசர்வ் வங்கி அவிழ்த்துவிட்ட பணம்! தமிழக அரசு ரேஷன் அட்டைக்கு 2020 ஏப்ரலில் 1000 ரூபாயும், 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக 4000 ரூபாயும் கொடுத்ததே, அதுதான் நேராக அடுப்படிக்குப் போன காசு.

அந்த 20 லட்சம் கோடியில் தெருவோர வியாபாரிகளுக்கு என்று ஒதுக்கியது 5000 கோடி. பி.எம். ஸ்வநிதி என்று பெயர். 2020 ஜூன் 1-இல் தொடங்கியது. ஈடு இல்லாமல் 10,000 ரூபாய்க் கடன். தவணை தவறாதவருக்கு வட்டியில் 7 சதவீதத்தை அரசு திருப்பித் தரும். 2025 ஆகஸ்டில் இதை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் கடனை 15,000, இரண்டாவதை 25,000 என்று உயர்த்தினார்கள். மூன்றாவது 50,000. காலையில் 900 வாங்கி மாலையில் 1000 கட்டும் தள்ளுவண்டிக்காரருக்கு இது சின்னத் தொகை அல்ல.

"ஹஸ்ரத், வட்டி ஹராம் அல்லவா, நமக்கு எதற்கு இது?" என்று பல சகோதரர்கள் கேட்கிறார்கள். மார்க்கப் பேணுதல் உள்ள கேள்வி, மறுக்க மாட்டேன். ஆனால் கடனை வேண்டாம் என்றவர்கள் மாநகராட்சி தரும் வியாபாரி அட்டையையும் வேண்டாம் என்று வந்துவிடுகிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. கடன் வேறு, அட்டை வேறு! தெரு வியாபாரிகள் சட்டம் 2014-இல் வந்தது. கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும் வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அதில் சிறுபான்மையினருக்கும் உரிய இடம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கூட்டம் போட்டுக் கோஷம் எழுப்ப ஓடி வரும் நம் வாலிபர்கள், விண்ணப்பம் நிரப்ப ஒரு மணி நேரம் உட்கார மறுக்கிறார்கள்.

பைத்துல்மாலில் செல்வம் குவிந்தபோது உமர் (ரலி) அவர்கள் செய்த வேலை என்ன? திவான் என்னும் பதிவேட்டைத் தொடங்கி, யாருக்கு எவ்வளவு என்று பெயர் பெயராக எழுத வைத்தார்கள்.

வசதியுள்ள வியாபாரிகளே, உங்களிடம் ஒரு கணக்கு. ஆளுக்குப் பத்தாயிரம் என்று பத்து பேர் ஒதுக்கினால் ஒரு லட்சம். வட்டியில்லாமல் பத்து வண்டிக்காரர்களுக்குக் கொடுத்து, தினம் நூறு ரூபாயாகத் திருப்பி வாங்கினால் நூறே நாளில் பணம் முழுதும் கைக்கு வந்து, அடுத்த பத்து பேருக்குத் தயாராகிவிடும். இதைச் செய்யாமல், ஏழை வங்கிக்குப் போகிறானே என்று பேச நமக்கு வாய் ஏது?

கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்களும் மாநகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். ஆதார், ரேஷன் அட்டை, வண்டியோடு நிற்கும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஜும்ஆ முடிந்ததும் நமது கிளை அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதிக் கொடுக்க ஆள் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.